சுவர் தாண்டிப் போன புங்க நிழல்

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் சென்னியப்பன். அதற்குப் பிறகு செய்தது என் புங்கமரத்து நிழல், அதற்கும் பிறகு செய்தது செல்வலட்சுமி நகர்த் தெரு மொத்தமும். இந்த வரிசை மாறக் கூடாது. தெருவில் யாரைக் கேட்டாலும் நிழலிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஆரம்பித்தால் சென்னியப்பன் நல்லவனாகிவிடுகிறான், அவன் நாய் பாவமாகிவிடுகிறது, ரங்கசாமியாகிய நான் ஒன்றுக்கும் உதவாத சிடுமூஞ்சிக் கிழவனாகிவிடுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், நூல் மில்லில் பஞ்சு உதறிப் பிழைத்தவன், ஆனால் எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்று சொல்வதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

எங்கள் தெரு திருப்பூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டில் கல் நட்டு சைட் போட்டு விற்றபோது உண்டான தெரு. காலையில் பனியன் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால் இருட்டும்வரைக்கும் அங்கே கிழடுகளும் நாய்களும் காக்கைகளும்தான். என் வீடு சிமெண்டு அட்டை போட்டது. சித்திரையில் அந்த அட்டைக்குக் கீழே அரிசியை ஊறப்போட்டால் மத்தியானத்துக்குள் அது தானாகவே பாதிச் சோறாகிவிடும் என்று என் சம்சாரம் பாவாத்தாள் சொல்வாள். பாவாத்தாளுக்கு வாதம் அடித்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன, வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது, பேச்சு மட்டும் கோணவில்லை. பகல் முழுக்க அவளைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துப் புங்கமரத்தடியில்தான் போட்டிருப்பேன். நிழல் நகர நகரக் கட்டிலை நகர்த்துவேன். காலையில் மேற்கே கிடக்கும் கட்டில் சாயங்காலம் கிழக்குச் சுவருக்கு வந்து சேரும், அவளும் ஊர்ப்பயணம் போய்வந்தவள் மாதிரி "இன்னிக்கு எட்டிப் போய்ட்டமுங்" என்பாள். மற்ற மரத்து நிழல் வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். புங்க நிழல் ஈரவேட்டியை உதறிப் போர்த்தியது போலிருக்கும். அவளுக்கு அந்த நிழல்தான் வீடு.

அவளுக்கு வாதம் அடித்து, நான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்த நாட்களில்தான், பக்கத்துச் சைட்டில் மாடி வீடு கட்டி முடித்த பனியன் கம்பெனிக்காரன் சென்னியப்பன் வாஸ்துக்காரரைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறான். நாங்கள் காரில் வந்து இறங்கியபோது, என் மரத்தில் அவன் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த கிளைகள் ஒன்றுகூட இல்லாமல் மொழுக்கென்று அறுபட்டு, அறுத்த தழையெல்லாம் என் நடைவாசலில் குவிந்து கிடந்தது. பாவாத்தாளை வீட்டுக்குள் கொண்டுபோக வழியில்லை. அவளைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டு நான் தழையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், அவன் சுவருக்கு மேலே தலையை நீட்டினான்.

"தப்பா நெனச்சுக்காதீங் மாமா. பக்கத்து மரத்து நெழலு நம்ம வாசல்ல விழுந்தா குடி வெளங்காதுன்னு வாஸ்துக்காரர் சொல்லிப்போட்டாருங். உங்க நெழல நீங்களே வெச்சுக்கோங்."

இடி விழுந்த பனைமரம் மாதிரி நின்றேன். வெட்டினது கூடப் பரவாயில்லை, கேட்டிருந்தால் நானே ஆள் வைத்து வெட்டிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. சாகக் கிடந்தவளோடு ஒருத்தன் வீடு திரும்புகிறான், உடம்புக்கு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காமல் உன் நிழலை நீ வைத்துக்கொள் என்கிறானே, இவன் என்ன பிறவி என்று திகைத்துப் போனேன். "தப்புத்தானுங் மாமா" என்று அவன் ஒரு சொல் சொல்ல வேண்டும். அதைத் தவிர அவனிடம் நான் வேறு எதையும் கேட்டதில்லை. அதைச் சொல்லும்வரை அவன் வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கு அந்தத் தழைமேல் நின்று சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் தன் வாசல் முழுக்க டைல்ஸ் பதித்தான். ஒரு பூண்டு முளைக்க மண் இல்லை. சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தான், மூலையில் கேமரா மாட்டினான், அப்புறம் ஒரு நாய் வாங்கினான். நம் பக்கத்து நாயில்லை. பனி பெய்கிற தேசத்து நாய், சாம்பலும் வெள்ளையுமாக ஆட்டுக்கு மேல் ரோமம், கண் இரண்டும் நீலம். அவனோடு காண்டிராக்ட் எடுக்கிற யாரோ ஒருத்தன் அந்தச் சாதி நாய் வாங்கினானாம், இவனும் வாங்கினான். சீசர் என்று பேர். ராத்திரியில் அது அவர்களோடு ஏசி அறையில் படுக்கும். காலையில் அவனும் அவன் சம்சாரம் பூங்கொடியும் காரில் ஏறும்போது வீட்டைப் பூட்டி, புதுச் சோபாவில் முடி ஒட்டும் என்று நாயை வாசலுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் சங்கிலியை மாட்டி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்தக் கிண்ணம் கவிழ்ந்துவிடும். டைல்ஸ் தோசைக்கல்லாகும். நாய் ஒரு காலைத் தூக்கும், அதை வைத்துவிட்டு இன்னொரு காலைத் தூக்கும், சுவரோரம் இருக்கிற விரல்கடை நிழலில் உடம்பை ஒட்டவைத்துப் பார்க்கும், உச்சிப்பொழுதில் அந்த விரல்கடையும் போய்விடும். முதலில் குரைக்கும். அப்புறம் அழும். அப்புறம் அதுவும் இருக்காது, மூச்சு இரைக்கிற சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வரும்.

"ஏனுங், அந்த நாய்க்குச் சித்தெ தண்ணி ஊத்தீட்டு வாங்களே" என்பாள் பாவாத்தாள்.

"அவன் வாசல நான் மிதிக்க மாட்டேன்."

"வாசல மிதிக்க வேண்டாமுங். சொவுத்து மேல நின்னு ஊத்துங்."

"கண்ணாடி பதிச்சிருக்கறான்."

"கோவத்துக்கு மட்டும் உங்களுக்கு வழி தெரியுது" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்த நாள், மத்தியானம், நான் பாவாத்தாளுக்குக் கம்மங்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்த நிழல் எழுந்தது. படுத்திருந்த எருமை முன்னங்காலை ஊன்றிப் பின்னங்காலை ஊன்றி எழுந்திருப்பதுபோல, அவசரமில்லாமல், இலைக்கு இலை நடுவிலிருந்த வெளிச்சப் பொட்டுகளையும் கூடவே வாரி எடுத்துக்கொண்டு எழுந்து, வாசலைக் கடந்து, சுவரில் ஏறி, கண்ணாடிச் சில்லுகளின் மேல் கிழிபடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. மரம் அப்படியே நின்றது. இலையெல்லாம் அப்படியே இருந்தது. இலைகளுக்குக் கீழே வெயில் தட்டில் கொட்டிய உப்பு மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. கூழ்ச்சட்டி என் கையில் சுட்டது.

"நெழலு அக்கட்டால போயிருச்சுங்" என்றாள் பாவாத்தாள்.

முக்காலி போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். நிழல் சென்னியப்பன் வாசலில், நாயின் மேல் கிடந்தது. நாய் நாலு காலையும் நீட்டி, வயிற்றை டைல்ஸோடு ஒட்டவைத்து, கண்ணை மூடியிருந்தது. ஒருநாளும் என் வாசலில் கிடந்தபோது கூட அந்த நிழல் அவ்வளவு நிம்மதியாகக் கிடந்ததில்லை.

முக்காலியிலிருந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நிழல் நடந்ததற்காக அல்ல. மரத்துக்கு ஆயிரம் இருக்கும். எந்த வாசலில் விழக் கூடாது என்று என் மரத்தை மூளியாக்கினானோ, அந்த வாசலுக்கே, அவன் கூப்பிடாமல், நான் அனுப்பாமல், தானாக இறங்கிப் போயிற்றே, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவனை விட்டுவிட்டு! கோணிச்சாக்கை நனைத்துப் பாவாத்தாளுக்கு மேலே கட்டினேன். காய்ந்து போயிற்று. மறுபடி நனைத்தேன். பொழுது சாய்ந்து, சென்னியப்பன் காரை நிறுத்தி, நாயை அவிழ்த்து உள்ளே கொண்டுபோன பிறகு, நிழல் அலுத்துப்போய்ச் சுவரேறி வந்து மரத்தடியில் விழுந்தது. அப்போது யாருக்கு வேண்டும் நிழல்? அடுத்த நாளும் அவர்கள் கார் கிளம்பி, டைல்ஸ் சூடேறியதும் அது எழுந்து போயிற்று. அதற்கடுத்த நாளும்.

மளிகைக்கடை அய்யாவுவிடம் போய்ச் சொன்னேன். அவன் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டான்.

"சொவுரேறியா போச்சு, கேட்டு வழியாவா?"

"சொவுரேறி."

"அதுக்கு அதுதானுங்ண்ணா பக்கம்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. பருப்புப் பொட்டலத்தை மடித்துக் கொடுத்தான்.

தெருவே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, ஐயோ ரங்கசாமி நிழலைப் பறிகொடுத்தானே என்று ஒருத்தர் சொல்ல வேண்டுமே? சாந்தாமணி என்று தையல்காரி, எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவள், என் மரத்தை அண்ணாந்து பார்த்தாள், கீழே பார்த்தாள், போய் ஒரு பழைய சேலையும் வாளி நிறைய வடகமாவும் கொண்டுவந்து என் மரத்தடியில் விரித்துப் பிழிய ஆரம்பித்தாள்.

"என்னம்மிணி பண்றே?"

"மரத்தடியிலயே வெயிலு அடிக்குதுங்ண்ணா. மேல தழ இருக்கறதால காக்காய்க்கும் கண்ணு தெரியாது. இப்பிடி ஒரு எடம் கெடைக்குமுங்களா?"

அடுத்த நாள் மிளகாய் வந்தது. அதற்கடுத்த நாள் மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், யாரோ ஒருத்தியின் புளி. என் வாசலில் கால் வைக்க இடமில்லை. பாவாத்தாள் நனைந்த சாக்குக்கடியில் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு கிடந்தாள், பெண்கள் "அக்கா, சித்தெ பாத்துக்கோங்" என்று அவளையே காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், சென்னியப்பன் கேட்டைத் தாண்டித் தெருவில் வழிந்திருந்த நிழல் ஓரத்தில், தண்ணீர்க்கேன் போடுகிறவன் வண்டியை நிறுத்தித் தூங்கினான். நான் அதிர்ச்சியில் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அப்புறம்தான். எங்கள் தெருவில் நாய் இல்லாத வீடு குறைவு; கிழடுகள் இருக்கிற வீட்டில் நாய் பகலில் உள்ளேயே கிடக்கும், மின்விசிறிக்குக் கீழே, கட்டிலுக்கடியில். ஒருத்தன் யோசித்தான். யாரென்று தெரியவில்லை, அந்த மாதிரி யோசனைக்கு யாரும் பேர் போட்டுக்கொள்வதில்லை. சென்னியப்பன் நாய் வெயிலில் கிடந்ததால்தானே நிழல் வந்தது? நம் நாயும் வெயிலில் கிடந்தால்? மறுநாள் காலையில் தெரு முழுக்க வாசலுக்கு ஒரு நாய் கட்டியிருந்தது. குட்டையும் நெட்டையும் சொறியும் சடையும், பல் போன கிழட்டு நாய்கூட, எல்லாம் வெயிலில். சாந்தாமணி, பெற்ற பிள்ளை மாதிரி மடியில் வைத்துச் சோறூட்டுகிற நாயைத் தண்ணீர்த்தொட்டிக் குழாயில் கட்டிவிட்டு, ஜன்னலுக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் வருகிறதா என்று பார்க்கிறாளாம்.

நிழல் வரவில்லை. அது எப்போதும் போல ஒரே வாசலுக்குப் போயிற்று. ஆனாலும் யாரும் நாயை அவிழ்க்கவில்லை. நாளைக்கு வந்தால்? பக்கத்து வீட்டு நாய்க்கு வந்து நம் நாய்க்கு வராமல் போய்விட்டால்? தெரு முழுக்க நாய்கள் அழுதன. ஒன்று நிறுத்தினால் அடுத்தது எடுத்தது. என் ஆயுசில் மில் சங்கு கேட்டிருக்கிறேன், இழவுப் பறை கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பாவாத்தாள் வலது கையால் வலது காதைப் பொத்திக்கொண்டாள். இடது காதைப் பொத்தக் கை இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்திக்கொண்டிருந்தேன்.

வார்டு மெம்பர் கிட்டுசாமி ஞாயிற்றுக்கிழமை அய்யாவு கடை முன்னால் பேச்சுக்கு ஏற்பாடு செய்தார். சென்னியப்பனும் பூங்கொடியும் வந்தார்கள். சென்னியப்பன் என்னைப் பார்க்காமல் மெம்பரைப் பார்த்துப் பேசினான்.

"நானா கூப்புட்டேன் இவரு நெழல? அது வந்ததுலருந்து எனக்குத்தானுங் பயம். ஆர்டர் ரெண்டு கைய விட்டுப் போச்சு. அவுரு நெழல அவரு கட்டி வெச்சுக்கட்டும்."

கேட்டீர்களா! என் நெஞ்சில் யாரோ உலக்கையால் இடித்ததுபோல இருந்தது. என் நிழலை வைத்துக்கொண்டிருக்கிறவன், அதை எடுத்துக்கொண்டு போ என்று என்மேல் பிராது கொடுக்கிறான்!

"நாய உள்ள கட்டு. நெழலு தன்னால வந்துரும்" என்றேன்.

"புதுச் சோபாங் மாமா" என்றாள் பூங்கொடி மெதுவாக. அவள் கண் தரையைப் பார்த்தது.

"வெயிலு பழகிக்குமுங்" என்றான் சென்னியப்பன். "வடக்க இருந்து பசங்க வந்து டையிங் பட்டறைச் சூட்டுல நிக்கறதில்லீங்களா? பழகிக்கலையா?"

"அவங்கள சங்கிலில கட்டியா வெச்சிருக்கே?" என்றான் அய்யாவு. கடையில் சிரிப்பு எழுந்தது, சென்னியப்பன் முகம் கறுத்தது.

மெம்பர் கையை உயர்த்தினார். வாஸ்துக்காரருக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றார். போட்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி போனைப் பருப்பு மூட்டை மேல் வைத்தார்கள். நிழல் எழுந்து போனதைச் சொன்னபோது வாஸ்துக்காரர் ஆச்சரியப்படவில்லை, "எந்தத் திசையிலருந்து எந்தத் திசைக்கு?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சொன்னார்.

"வீட்டு மேல விழுந்தாத்தானுங் தோசம். நாய் மேல விழுந்தாத் தோசமில்லீங்க. நாய் வைரவர் வாகனமில்லீங்களா? நல்லதுதான்."

சென்னியப்பன் முகம் பொங்கல் பானை மாதிரி மலர்ந்தது. "அப்பறமென்னுங்? கெடந்துட்டுப் போகுது" என்று எழுந்தான்.

"கெளய வெட்டுனதுக்குப் பதில் சொல்லீட்டுப் போ" என்றேன்.

"அதெல்லாம் பழைய கதைங் மாமா" என்றான்.

பழைய கதையாம். என் மரம் ஒரு கையில்லாமல் நிற்கிறது, அது பழைய கதையாம்.

அடுத்த நாள் வெயில் ஏறி, நிழல் எழுந்து போய், நாய்கள் அழ ஆரம்பித்ததும் பாவாத்தாள் சொன்னாள்.

"கட்டலத் தூக்குங்."

"எங்க?"

"நெழலு நகந்தா நீங்க கட்டல நகத்த மாட்டீங்களா? இத்தன நாளும் அதத்தானே பண்ணுனீங்க? நகத்துங்."

"அவன் வாசலுக்கா?"

"நெழலு இருக்கற எடத்துக்கு."

"அவன் இன்னும் அந்த வார்த்தையச் சொல்லலே, பாவாத்தா."

"அவன் சொல்றதுக்குள்ள நான் வெந்து போயிருவனுங்" என்றாள். சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் சாக்கிலிருந்து ஒழுகின தண்ணீர் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

அய்யாவுவையும் மெம்பரையும் கூப்பிட்டேன். கட்டிலின் தலைமாட்டை நான் பிடித்துக்கொண்டேன். தெருவைச் சுற்றி, பூட்டில்லாமல் கொண்டி மட்டும் போட்டிருந்த சென்னியப்பன் கேட் வரைக்கும் தூக்கி வந்தோம். அங்கே என் பக்கத்தை அய்யாவு கையில் மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டேன். அவர்கள் உள்ளே கொண்டுபோய் நாய்க்குப் பக்கத்தில் கட்டிலை வைத்தார்கள். நாய் எழுந்து அவள் அசையாத காலை மோந்து பார்த்தது, அப்புறம் கட்டிலுக்கடியில் புகுந்து படுத்துக்கொண்டது.

அப்போது சுவர் மூலையிலிருந்து சென்னியப்பன் குரல் வந்தது. கேமராவுக்குள் பேசுகிற வசதி இருக்கிறதாம், கம்பெனியில் உட்கார்ந்துகொண்டே பேசலாமாம்.

"ஆரு அது? ஆரு உள்ள வந்தது?"

"நாந்தாஞ் சாமி, பாவாத்தா அத்த" என்றாள் அவள், கேமராவைப் பார்த்து. "உங்க நாயோட சித்தெ படுத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் கொரகொரவென்று சத்தம் வந்தது. பின்னால் மிஷின் ஓடுவது கேட்டது. "மாமா வல்லீங்களா?"

"கேட்டுக்கு வெளிய நிக்கறாரு."

"எதுக்கு வெயில்ல நிக்கறாரு?"

"உனக்குத் தெரியும் எதுக்குன்னு!" என்று நான் கத்தினேன். அவன் பார்க்கும்போது எரிகிற சிவப்பு விளக்கு கேமராவில் அணைந்துவிட்டது.

சாந்தாமணிதான் முதலில் வந்தாள். தன் நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அக்கா, இதையும் சித்தெ பாத்துக்கோங்" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, பத்து நிமிஷம் வடகத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். நாயை வீட்டுக்குள் கொண்டுபோய் மின்விசிறிக்குக் கீழே போட்டிருக்கலாம். தெருவில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எல்லோரும் தங்கள் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள், பாவாத்தாளிடம் விட்டார்கள், போனார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வேன் வரும் நேரத்துக்குச் சென்னியப்பன் கேட்டில் நாய்களோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தர் மண்தொட்டியில் தண்ணீர் வைத்தார், இன்னொருத்தர் பழைய சோறு கொண்டுவந்தார், பூங்கொடி ஒருநாள் போகும்போது குடத்தை நிரப்பி வைத்துவிட்டு, ஏதோ திருட்டுவேலை செய்தவள் மாதிரி ஓடிப்போய்க் காரில் ஏறினாள். நாய்கள் சண்டை போடவில்லை. பாவாத்தாள் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், சிரித்தாள், எந்த நாய் எந்த வீட்டில் என்ன தின்கிறது என்று கேட்டில் நின்ற எனக்குக் கதை சொன்னாள். கல்யாணமான காலத்திலிருந்து நான் அவளை அவ்வளவு கலகலப்பாகப் பார்த்ததில்லை. அதுவும் எனக்கு அதிர்ச்சிதான்.

ஆனால் நிழல் ஒரு மரத்து நிழல்தானே. அத்தனை நாய்க்கும் எட்ட வேண்டும் என்று அது தன்னை இழுத்து இழுத்து விரித்தது. விரிய விரிய, பழைய வேட்டியை இழுத்தால் கிழிசல் தெரிவதுபோல, நடுவே ஒரு ஓட்டை தெரிந்தது. நான் கேட்டிலிருந்து பார்த்ததுமே கண்டுகொண்டேன். சென்னியப்பன் அறுத்த கிளைகள் இருக்க வேண்டிய இடம் அது. அறுத்த வாள் தடம்கூட ஓரத்தில் அப்படியே நேராக இருந்தது. அந்த ஓட்டைக்குள் வெயில் குழாயில் ஊற்றியது போல இறங்கியது. நாய்கள் அதைச் சுற்றி விலகிப் படுத்தன.

ஒரு மத்தியானம் பாவாத்தாள் தூங்கிவிட்டாள். நிழல் இன்னும் கொஞ்சம் விரிந்தது, ஓட்டை நகர்ந்தது, நகர்ந்து வந்து கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவள் இடது கையின் மேல் நின்றது. வெயில் பட்டால் அந்தக் கைக்குத் தெரியாது. நெருப்பு வைத்தாலும் தெரியாது. நான் கம்பி வழியாகப் பார்க்கிறேன், புறங்கை சிவக்கிறது. விரல் சிவக்கிறது.

"பாவாத்தா! கை! கைய எடு!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. சீசர் மட்டும் எழுந்து, அந்தக் கையை நக்கிப் பார்த்து, நுனிமூக்கால் தள்ளிப் பார்த்து, முடியாமல் என்னைப் பார்த்துக் குரைத்தது. என் கை கேட்டின் கொண்டியில் இருந்தது. தழைமேல் நின்று சொன்ன சொல் என் கழுத்தில் இருந்தது. தள்ளினால் கேட் திறந்துவிடும். உள்ளே போனால் சென்னியப்பன் ஒரு சொல்லும் சொல்லாமலே ஜெயித்தவனாகிவிடுவான்.

கொண்டியை நான் தூக்கின பிறகா, தூக்குவதற்கு முன்னாலா என்று சொல்லத் தெரியவில்லை. என் காலடியிலிருந்து ஏதோ பிய்ந்துகொள்வது தெரிந்தது, உருகின தாரில் ஒட்டின செருப்பை இழுத்தால் வருமே அந்த மாதிரி. குனிந்து பார்த்தேன். என் நிழல் கேட்டின் கம்பிகளுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தது. கூன் போட்ட முதுகும், துண்டு சுற்றின தலையுமாக, என்னைத் திரும்பிப் பார்க்காமல், நாய்களைத் தாண்டி, ஓட்டை இருந்த இடத்துக்குப் போய், அங்கே படுத்து, அவள் கையின் மேல் தன்னைப் போர்த்திக்கொண்டது. ஓட்டை அடைபட்டது. சீசர் குரைப்பதை நிறுத்தியது.

மூலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா சென்னியப்பா?" என்றேன். "அந்த ஓட்டைய ஆரு போட்டதுன்னு பாத்தியா? வாள் தடம் தெரியுதா உனக்கு?"

மிஷின் ஓடும் சத்தம் வந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது, எனக்குச் சந்தேகமே இல்லை, கேட்டது. ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி தொண்டையைச் செருமினான். நான் கேமராவுக்குக் கீழே கேட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பொழுது சாயும்வரை காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. கார் வந்தது, இறங்கினான், பாவாத்தாளின் கையைத் தூக்கிப் பார்த்தான், உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவன் கையாலேயே தடவினான், "தப்புத்தானுங் அத்தை" என்று என் காதில் விழாமல் அவளிடம் சொன்னானாம். அவள் வீட்டுக்கு வந்து சொல்கிறாள். அவளிடம்! முன்னால் என்னைக் கடந்து கேட்டைத் திறந்து உள்ளே போனபோது, என் காலடியை ஒருமுறை பார்த்தான், நிழலில்லாததைக் கண்டான், தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"என்கிட்ட சொன்னா உங்ககிட்ட சொன்ன மாதிரிதானுங்" என்கிறாள் பாவாத்தாள்.

இல்லை. மரம் என் மரம். தழை கிடந்தது என் வாசலில். சொல் எனக்கு வர வேண்டியது.

புங்கமரத்து நிழலாவது இருட்டினதும் வீடு திரும்புகிறது. என் நிழல் திரும்பவில்லை. அது அங்கேயே ஓட்டையில் படுத்துப் பழகிவிட்டது, அதன்மேல் சீசர் தலைவைத்துத் தூங்குகிறது. தெருவில் இதற்கும் யாரும் வியக்கவில்லை. சாந்தாமணி வடகம் பிழிகிறாள், "அண்ணா, நீங்க நின்னா மறைக்கும்னு பயமில்ல, இப்பிடியே நில்லுங்" என்கிறாள். நான் தினமும் என் மரத்தடியில், மிளகாய்க்கும் வடகத்துக்கும் நடுவில், தலைக்கு மேல் அத்தனை இலை இருந்தும் உச்சி வெயிலில், கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சென்னியப்பன் எனக்கு இப்போது இரண்டு நிழலும் ஒரு சொல்லும் தர வேண்டும்.